வாசகர் கேள்வி – பதில்: படையிலிருந்து வந்தவரும் வீட்டாரும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாதி ஒரே கவலையைச் சொல்கின்றன. கணவரோ அப்பாவோ மகனோ படையிலிருந்து உடம்பு முழுசாகத்தான் திரும்பியிருக்கிறார், ஆனால் வீட்டில் வேறு ஆளாக இருக்கிறார். பலருக்கு இதன் காரணம் போர் அதிர்ச்சி, அதாவது ஆபத்து முடிந்த பிறகும் மனமும் உடம்பும் அதிலேயே நின்றுவிடும் நோய். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம். எழுதுபவர்கள் ஒரு மனநல மருத்துவரும் ஓர் உளவியலாளரும். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ராணுவத்தில் இருந்தபோது வெளிநாட்டு அமைதிப் பணிக்குப் போய்வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடுராத்திரியில் கத்திக்கொண்டு எழுகிறார். போன மாதம் தோளைத் தட்டி எழுப்பினேன். கண் திறக்காமலே என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் அழுதார். இப்போது ஹாலில் தனியாகப் படுக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— செத்தாப்பாக், கோலாலம்பூர்

முதலில் இன்று இரவுக்கு. கெட்ட கனவில் இருப்பவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டுப் பக்கம், அவர் கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போடுங்கள். நீங்கள் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டு, "நான்தாங்க. நம்ம வீட்லதான் இருக்கீங்க, செத்தாப்பாக்ல. மணி மூணு" என்று சாதாரணக் குரலில் இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். கண்ணைத் திறந்தவுடன் பக்கத்தில் போய்விட வேண்டாம். கண் திறந்திருந்தாலும் ஆள் இன்னும் அங்கேயே இருக்கலாம். உங்களை அடையாளம் கண்டு பேசிய பிறகு போங்கள். வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்க வேண்டாம்.

கழுத்தைப் பிடித்தது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. உயிருக்கு ஆபத்தான இடத்தில் மாதக்கணக்கில் இருந்தவரின் மூளை, தொடுகையை முதலில் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்கிறது. யார் தொட்டது என்ற கணக்கு பிறகுதான் வருகிறது. ஆனாலும் ஆபத்து உண்மையான ஆபத்துதான். ஆகவே சிகிச்சை தொடங்கி இரவுகள் அடங்கும்வரை தனித்தனியாகப் படுப்பது புத்திசாலித்தனம். "இது கொஞ்ச நாளைக்குத்தான், நீங்க பயந்துகிட்டே தூங்கக் கூடாதுன்னுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மனைவியே தள்ளிவைத்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது தூக்கம். காப்பியிலும் தே தாரிக்கிலும் உள்ள கஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மாமாக் கடையில் இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கும் கோப்பி ஓ விடிகாலை இரண்டு மணிக்கும் வேலை செய்யும். கடைசிக் கோப்பை மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். பியர் குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் தூக்கம் உடைந்து கனவுகள் இன்னும் மூர்க்கமாகும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்றும் கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் கெட்ட கனவுகளைக் கூட்டும். அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அதைக் கவனிக்காமல் கனவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

கனவுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் கனவைத் தாளில் எழுத வேண்டும். பிறகு அதன் போக்கைத் தான் விரும்பியபடி மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் கண்மூடி மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆகக் கொடுமையான கனவில் தொடங்காமல் சிறியதில் தொடங்க வேண்டும். நடந்த சம்பவமே அப்படியே கனவாக வருகிறது என்றால் இதைத் தனியாகச் செய்யாமல் உளவியலாளருடன் செய்வது நல்லது. மருந்தில் பிரசோசின் என்று ஒன்று உண்டு. 2018இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் சிலருக்கு நன்றாகவே கேட்கிறது என்பதால் மருத்துவர்கள் இன்னும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. முதல் வேளை போட்ட இரவு திடீரென்று எழுந்து நின்றால் தலைசுற்றி விழக்கூடும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போடுபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நடக்கிறது என்றால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். எங்கே போவது என்பதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. எழுபதுகளில் தாய்லாந்து எல்லைக் காட்டில் பணியாற்றியவர். பிறகு முப்பது வருஷம் வேலை, குடும்பம் என்று நன்றாகத்தான் இருந்தார். அம்மா இறந்த பிறகு இரவில் தூங்குவதில்லை. வாசலைப் பார்த்தே உட்காருகிறார். புல் தரையில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். ஞாபகமறதி நோயா?
— பட்டர்வொர்த்

புல் தரை விஷயத்தை நீங்கள் எழுதியதுதான் எங்களுக்குப் பெரிய துப்பு. 1968இல் தொடங்கிய இரண்டாவது கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி 2 டிசம்பர் 1989 ஹட்யாய் உடன்படிக்கையோடுதான் முடிந்தது. அந்தக் காடுகளில் ரோந்து போனவர்களுக்குத் துப்பாக்கிச் சூட்டைவிட மண்ணுக்கடியில் மறைத்து வைத்த ஜெரங்காப் சமார் என்ற வெடிப்பொறி பெரிய பயம். பாதை தெரியாத தரையில் கால் வைத்தவன் காலை இழந்தான். உங்கள் அப்பாவின் கால் அன்று கற்றதை இன்றும் மறக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து எப்படி என்றால், இது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். வேலை நேரத்தை நிரப்பியது. அம்மா வீட்டை நிரப்பினார். இரண்டும் போனதும், அமுக்கி வைத்திருந்தது மேலே வருகிறது. உறவின் இழப்பு, வேலை ஓய்வு, அறுவைச் சிகிச்சை, தொலைக்காட்சியில் ஓயாமல் வரும் போர்க் காட்சிகள், இவற்றில் எதுவும் இதைக் கிளப்பிவிடலாம்.

ஞாபகமறதி நோயில் புதியவை நிற்காது. காலையில் சாப்பிட்டது மறக்கும், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார், பழகிய தெருவில் வழி தவறும், பணக் கணக்குப் பிசகும். போர் அதிர்ச்சியில் பெரும்பாலும் புதிய ஞாபகம் கெடாது. கவனம் சிதறும், எரிச்சல் வரும், குறிப்பிட்ட சத்தத்துக்கோ வாசனைக்கோ இடத்துக்கோ அறிகுறி கூடும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஆகவே வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார நிலையத்தில் தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் சோதியுங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் செவி மந்தமானவர்கள் நிறைய. பாதி காதில் விழாதபோது, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வளரும். அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையே முதியவரைக் குழப்பிவிடும்.

ஒன்றை மட்டும் முந்திக்கொண்டு சொல்லுங்கள். இல்லாத ஆட்களோ பிராணிகளோ அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதாகச் சொன்னாலும், நடை மெதுவாகி உடம்பு விறைத்தாலும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் வீசினாலும் அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். ஒருவகை ஞாபகமறதி நோயில் இவை வரும். அந்த நோயாளிக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து கொடுத்தால் நிலைமை ஆபத்தாகிவிடும்.

வீட்டில் புல்லைப் பற்றி வாதாடாதீர்கள். சிமெண்டுப் பாதை உள்ள பூங்காவாகப் பார்த்துக் காலையில் கூட்டிப் போங்கள். வாசலைப் பார்த்து உட்கார நினைத்தால் நாற்காலியை அப்படியே போட்டுக்கொடுங்கள். பழைய படை நண்பர்கள் யாராவது பினாங்கிலோ கெடாவிலோ இருந்தால் தேடிப் பிடியுங்கள், படைவீரர் சங்கக் கிளைகளில் விசாரித்தால் கிடைப்பார்கள். மகனிடம் சொல்லாததை அங்கே இருந்தவனிடம் சொல்வார்கள். எழுபது வயதுக்கு மேல் பேச்சுச் சிகிச்சை பலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பலிக்கும்.

கேள்வி: நான் முன்னாள் ராணுவ வீரன். கவச வண்டி ஓட்டியவன். இப்போது காரில் ஜாலான் துன் ரசாக் ஜாமில் மாட்டினால் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் அடித்துவிடலாம் போலிருக்கிறது. சந்து பொந்தாகச் சுற்றிப் போகிறேன். வேலைக்குத் தினமும் தாமதம்.
— செந்தூல்

படை வண்டி நின்றால் எதிரிக்குக் குறி என்பது உங்களுக்குப் பாடம். முன்னும் பின்னும் அடைபட்டு நிற்பது அங்கே சாவுக்குச் சமம். ஆகவே ஜாமில் உடம்பு அலறுகிறது. சுற்று வழியில் போகும்போது அலறல் உடனே அடங்குகிறது அல்லவா, அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. "தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதிக்கொள்கிறது. நின்றிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதை அது கற்கவே முடிவதில்லை.

இதற்குப் படிப்படியாகப் பழக்கும் முறை உண்டு. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஞாயிறு காலை, வீட்டு வாசலில் நிறுத்திய காரில் கதவை மூடி உட்கார்வது 20 என்றால் அதுதான் முதல் படி. பேரங்காடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடம் 40ஆக இருக்கலாம். மனைவி ஓட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையில் மாலை ஜாமில் போவது 60. நீங்களே நடு வரிசையில் ஓட்டுவது 80. ஒவ்வொரு படியிலும் முப்பது நாற்பது நிமிடம், அல்லது பயம் தொடங்கியதில் பாதியாக இறங்கும்வரை இருங்கள். 60இல் இருக்கும்போது இறங்கி ஓடிவிட்டால் அடுத்த முறை 70இல் தொடங்கும். நாளுக்கு ஒரு தடவை, ஒரே படியை அது சலிப்புத் தட்டும்வரை. அதன் பிறகே அடுத்த படி.

பயிற்சியின்போது மூச்சு ஒரு கைப்பிடி. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். ஸ்டீயரிங்கின் தோல், ஏர்கண்ட் காற்று, முன்னால் உள்ள வண்டியின் நம்பர் பிளேட் என்று கண்முன் உள்ளதைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். நம் படையினர் அமைதிப் பணிக்குப் போன மோகடிஷுவிலோ பெய்ரூத்திலோ கோலாலம்பூர் நம்பர் பிளேட் கிடையாது.

ஓர் எச்சரிக்கை. ஓட்டும்போது சில நொடிகள் எங்கே இருக்கிறோம் என்பதே அற்றுப்போகிறது என்றாலோ, யாரையாவது துரத்திப் போய்ச் சண்டை போட்டிருக்கிறீர்கள் என்றாலோ, உளவியலாளரைப் பார்க்கும்வரை ஸ்டீயரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தீபாவளி வருகிறது. என் தம்பிக்கு வெடிச் சத்தம் ஆகாது. போன வருஷம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் வரவில்லை. பிள்ளைகளுக்கு வெடி இல்லாமல் பண்டிகையா?
— ஆயர் ஈத்தாம், பினாங்கு

எதிர்பாராத சத்தம்தான் அவரை உடைக்கிறது. எப்போது வரும் என்று தெரிந்த சத்தத்தைப் பலரால் தாங்க முடிகிறது. ஆகவே வீட்டுக்குள் ஒரு நேரம் வையுங்கள். மாலை ஏழரை முதல் எட்டு வரை, அதற்கு முன்னும் பின்னும் இல்லை. பிள்ளைகள் கொளுத்தும் முன் "மாமா, வெடிக்கப் போறோம்" என்று குரல் கொடுக்கட்டும். கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் நிறைய இருக்கட்டும், சரவெடி வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம், காரணத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கம்பக்கம் முழுதும் வெடிக்கும் நேரத்துக்கு அவருக்கென்று ஓர் அறை. சன்னலைச் சாத்தி, மின்விசிறியோ பாட்டோ ஓட, விளக்கு எரியட்டும். இருட்டில் உட்கார வைக்காதீர்கள். குளியலறையில் இருந்த இரண்டு மணி நேரமும் அவர் தனியாக இருந்திருக்கிறார். இந்த முறை ஒருவர் கூட இருங்கள், பேச வேண்டும் என்றில்லை. முடிந்ததும் வெளியே வந்து எல்லோரோடும் சாப்பிட உட்காரட்டும். ஒவ்வொரு வருஷமும் பண்டிகையை விட்டே ஊரைவிட்டுப் போவது என்று வழக்கமானால், பிறகு கல்யாணம், தைப்பூசம், கடைத்தெரு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். சீனப் புத்தாண்டுக்கும் இதே ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்குச் செய்வினை என்று சொல்லிப் பூசைக்கு இதுவரை நாலாயிரம் வெள்ளி போய்விட்டது. "மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடு, சரியாகிவிடும்" என்று உறவினர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவன் எழுந்து போய்விடுகிறான்.
— ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ்

அம்மா, உங்கள் மகன் எழுந்து போவது சரி. நடந்த கொடுமையை ஒரே மூச்சில் கொட்ட வைப்பது நல்லது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் பேச வைப்பார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. இன்று அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. சிகிச்சையில் நினைவைத் தொடுவது உண்டு. ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்றவருடன், அவன் ஒப்புதலோடு, அளவாக.

வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியது மிகக் குறைவு. "எப்போ பேசணும்னு தோணுதோ அப்போ அம்மா இருக்கேன்." அவ்வளவு போதும். "நீ யாரையாவது சுட்டியா?" என்ற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சிலரை உள்ளே அரிப்பது பயத்தைவிடக் குற்றவுணர்ச்சி. செய்த ஒன்று, செய்யத் தவறிய ஒன்று, தான் பிழைத்து நண்பன் போனது. அவர்களிடம் "உன் கடமையைத்தானே செய்தாய்" என்று அவசரமாகச் சமாதானம் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். முழுதாகக் கேட்கும் ஆள் வேண்டும்.

பூசையை நாங்கள் குறை சொல்லவில்லை. கோயிலில் விளக்கேற்றுவதும், இறந்துபோன தோழனின் பெயரில் அன்னதானம் கொடுப்பதும் பலருக்கு மனத்தை ஆற்றுகிறது. குற்றவுணர்ச்சி உள்ளவருக்கு அது மிகவும் வேண்டியது. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடமும், அடுத்த பூசைக்கு இன்னும் பெரிய தொகை கேட்கிறவரிடமும் போகாதீர்கள். உடம்பைக் கட்டிவைப்பது, அடிப்பது, புகை போட்டு மூச்சு முட்டவைப்பது எதுவும் கூடாது. சிறைபிடிபட்ட அனுபவம் உள்ளவரைக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கே போவது? எவ்வளவு ஆகும்? அண்ணன் இன்னும் பணியில் இருக்கிறார். மனநல மருத்துவரைப் பார்த்தால் பதிவில் ஏறி, பதவி உயர்வு போய்விடும் என்கிறார்.
— வங்சா மாஜு

கடைசியிலிருந்து தொடங்குவோம். பணியில் உள்ளவர் ராணுவ மருத்துவரிடம் போனால் அது பதிவாகும், கொஞ்ச காலம் ஆயுதப் பணியிலிருந்து விலக்கியும் வைக்கலாம். அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் சிகிச்சை இல்லாமல் பணியில் ஒரு கைகலப்போ, சொல்லாமல் வேலைக்கு வராமல் போவதோ, ஆயுதத்தோடு ஒரு விபத்தோ நடந்தால் அதுவும் பதிவாகும். அந்தப் பதிவை அழிக்க வழியில்லை. சீக்கிரம் போனவர்கள் பெரும்பாலும் பணிக்குத் திரும்புகிறார்கள்.

போவதற்கு முன் அண்ணனிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். உலகெங்கும் முதல் சல்லடையாகப் பயன்படுபவை இவை. கடந்த ஒரு மாதத்தில், அந்தச் சம்பவம் பற்றிய கெட்ட கனவோ வேண்டாத நினைவோ வந்ததா? அதை நினைக்காமல் இருக்கவோ, அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவோ பாடுபட்டாரா? எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டாரா? மனிதர்களிடமிருந்தும் வேலையிலிருந்தும் ஒட்டாமல், மரத்துப்போனது போல உணர்ந்தாரா? நடந்ததற்குத் தன்னையோ மற்றவரையோ விடாமல் குற்றம் சாட்டினாரா? மூன்றுக்கு மேல் 'ஆம்' என்றால் கட்டாயம் போக வேண்டும், மூன்றே என்றாலும் போவது நல்லது.

ஓய்வு பெற்றவர்களுக்கும் பி.ஜி.ஏ. போன்ற போலீஸ் படைகளில் இருந்தவர்களுக்கும் மிக எளிய வாசல் கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கே ஒரு வினாத்தாள் நிரப்பச் சொல்லி, தேவைப்பட்டால் சூராட் ருஜுக்கான் எனப்படும் பரிந்துரைக் கடிதம் கொடுத்து கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்றவற்றின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையங்களும் உண்டு. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு வங்சா மாஜுவில் துவாங்கு மிசான் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. ஓய்வூதியம் பெறுபவருக்கும் பெறாதவருக்கும் சலுகை வேறுபடும் என்பதால் ஜே.எச்.இ.வி. எனப்படும் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் ஆலோசகரிடம் போனால் 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

கையில் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். எந்த ஆண்டுகளில் எங்கே பணி, குண்டு வெடிப்பின் அருகே இருந்தாரா, தலையில் அடிபட்டு நினைவிழந்தாரா, வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது, எவ்வளவு குடிக்கிறார், என்ன மாத்திரை. தலைக் காயம் பற்றிய வரி மிக முக்கியம். வெடி அதிர்வில் மூளைக்கு ஏற்பட்ட காயமும் எரிச்சல், மறதி, தலைவலி என்று இதே முகத்தோடுதான் வரும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. பத்து நிமிடப் பரிசோதனையில் இந்தத் தாள் அண்ணனைவிட நன்றாகப் பேசும்.

சிகிச்சை என்றால் படுக்கையில் போட்டு மருந்து கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தரச் சிகிச்சை பேச்சுதான். அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் வீரியத்தைக் குறைக்கும் முறைக்கு எட்டு முதல் பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். குற்றவுணர்ச்சியிலும் நம்பிக்கையிழப்பிலும் சிக்கிய எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கும் முறைக்குப் பன்னிரண்டு அமர்வு. கண் அசைவோடு நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. எதுவானாலும் மூன்றாவது நான்காவது வாரத்தில் கனவும் எரிச்சலும் கொஞ்சம் கூடலாம். அந்த இடத்தில்தான் பலரும் "இது எனக்கு ஒத்துவராது" என்று நின்றுவிடுகிறார்கள். வீட்டார் அந்த வாரங்களை நாட்காட்டியில் குறித்துவைத்து, அவரை விடாமல் அனுப்புங்கள். மொழியையும் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசினாலும், படையில் நடந்தது முழுதும் மலாயில் நடந்ததால் மலாயில் சொல்வதே சுலபம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று அப்பா அடிக்கடி சொல்கிறார். அவர் துப்பாக்கி ஏந்திய காவலாளி வேலை பார்க்கிறார். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயம்.
— ஜெலுத்தோங், பினாங்கு

இன்றே கேளுங்கள். "அப்பா, உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராக. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, ஒளித்து வைத்திருந்தவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. 'ஆம்' என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.

துப்பாக்கிதான் எங்கள் பெரிய கவலை. அந்த நினைப்பின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடமோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மருத்துவரிடம் அவர் வேலையை முதல் வரியிலேயே சொல்லி விடுப்புக் கடிதம் வாங்குங்கள். அவர் குணமாகும்வரை ஆயுதம் இல்லாத பணியாக இருக்கட்டும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

போலீஸ் வழக்காகிவிடும் என்று இனி யாரும் ஒளிக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசி 03-7627 2929, இரவு எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. நீங்களும் அழைக்கலாம், அப்பாவே அழைக்க வேண்டும் என்றில்லை.

கேள்வி: படையிலிருந்து வந்த கணவர் தினமும் அரை போத்தல் சாராயம் குடிக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிடட்டுமா?
— செபராங் ஜெயா

கொட்டாதீர்கள். நாள்தோறும் அந்த அளவு குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை நடுக்கம், காய்ச்சல், பிதற்றலோடு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனை மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. குடியை முழுதும் விட்ட பிறகுதான் போர் அதிர்ச்சிக்குச் சிகிச்சை என்றும் இல்லை, இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். குடிக்குப் பதிலாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். டையாசிபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். இந்த நோய்க்கு அவை நல்ல மருந்தும் இல்லை.

கேள்வி: கணவரின் போர் அதிர்ச்சிக்கு மருத்துவர் செர்ட்ரலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் பத்து நாள் போட்டுவிட்டு, "ஒன்றும் மாறவில்லை, வயிறுதான் கெட்டது" என்று நிறுத்திவிட்டார்.
— கெப்போங்

பத்தாவது நாள் நிறுத்தத் தோன்றும் நாள்தான். குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதல் இரண்டு வாரம் வந்து அடங்கும். பலன் நான்கு முதல் ஆறு வாரத்தில் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். பெரும்பாலும் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 200 வரை ஏற்றுவார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில் போடலாம். நன்றாக ஆன பிறகும் ஒரு வருஷமாவது தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மாத்திரையைக் கைவிடும் காரணம் இன்னொன்று உண்டு, தாம்பத்தியத்தில் வரும் சிக்கல். செர்ட்ரலினுக்கு அது பொதுவான பக்கவிளைவு. அளவை மாற்றியோ வேறு மருந்து கொடுத்தோ சரிசெய்ய முடியும். அவர் கூச்சப்பட்டால் ஒரு சீட்டில் எழுதி மருத்துவர் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டது என்றால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்காமல், கிளினிக்குக்குப் போன் செய்து எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.